மூன்று நிமிடமும் முழு ஆய்வும்

பல்லாண்டு உழைத்து ஆராய்ச்சிப் பட்டம் பெற முயலும் மாணவர், தம் ஆய்வின் பொருளைத் துறை அறியாத பொதுமக்கள் முன்னிலையில் மூன்றே நிமிடங்களில் எடுத்துரைக்கும் வழக்கம் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. இதனை வெறும் பேச்சுப் போட்டி என்று தள்ளிவிடுவோரும் உளர். கல்வியுலகம் கண்ட பெரும் விடுதலை என்று போற்றுவோரும் உளர். இவ்விரு முடிவுகளும் விரைந்து எடுக்கப்பட்டவை என்பது நமது கருத்து. மூன்று நிமிட உரையை ஓர் உரைநடை வடிவமாகக் கொண்டு, அதன் நிறைகுறைகளை ஆராய்ந்து, நம் இறையியல் கல்விக்கு அதனால் விளையக்கூடிய பயன் யாது, இடர் யாது என்று கண்டறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வழக்கம் தோன்றிய விதம்

ஆஸ்திரேலியாவிலுள்ள குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டில் இப்போட்டியைத் தொடங்கிற்று. அந்நாட்களில் அம்மாநிலம் கடும் வறட்சியால் வருந்தியது. நீரைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, முட்டை வேகும் நேரத்தை அளக்கும் மூன்று நிமிடக் கடிகையைக் குளியலறைச் சுவரில் பொருத்தி, அந்நேரத்துக்குள் குளித்து முடிப்பது பல இல்லங்களில் வழக்கமாயிற்று. இதனைக் கண்ட பேராசிரியர் ஆலன் லாசன், பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பட்டப் பிரிவுக்கு அப்போது தலைவராயிருந்தவர், ஆய்வுரைக்கும் இதே அளவை விதிக்கலாகாதா என்று எண்ணினார். முதலாண்டில் 160 மாணவர் பங்குகொண்டனர். இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளில், 900க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் இது நடைபெறுகின்றது. பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக்கில் 2012இலும் பிரான்சில் 2014இலும், 180 விநாடிகளில் ஆய்வை விளக்கும் போட்டி தொடங்கப்பட்டது. நம் நாட்டிலும் நடுவணரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2018இல், ஆராய்ச்சி மாணவர் தம் ஆய்வைப் பொதுமக்களுக்கு விளங்கும் கட்டுரையாக எழுதுவதற்குப் பரிசளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கியது.

குயின்ஸ்லாந்தார் வகுத்த விதிகள் கண்டிப்பானவை. அசைவற்ற படத்தகடு ஒன்றை மட்டும் திரையில் காட்டலாம். வேறு ஒலி, ஒளி, உடை, கருவி எதுவும் ஆகாது. பேச்சு உரைநடையாகவே அமையவேண்டும். செய்யுளுக்கும் பாட்டுக்கும் இடமில்லை. மூன்று நிமிடத்தைக் கடந்தவர் போட்டியினின்று நீக்கப்படுவர். 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை எடுத்துரைக்க 9 மணி நேரம் ஆகும் என்பதை இப்போட்டியை நடத்துவோர் தம் அறிவிப்புகளில் எடுத்துக்காட்டுவதுண்டு. அங்ஙனமாயின், மாணவர் தம் ஏட்டின் நூற்றெண்பதில் ஒரு பங்கு நேரத்தையே பெறுகின்றார். எஞ்சிய நூற்றெழுபத்தொன்பது பங்கும் என்னவாகின்றன என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

2. ஒப்புக்கொள்ள வேண்டிய நலம்

குறை கூறுமுன் நிறையைக் கூறுவது முறை. தன் ஆய்வின் பொருளைத் தன் தாய்க்கோ தன் ஊர்ச் சபையின் மூப்பருக்கோ விளக்க இயலாத மாணவர், அப்பொருளைத் தாமே முற்றும் விளங்கிக்கொண்டாரா என்பது ஐயத்துக்குரியது. துறைச்சொற்கள் சில வேளை அறிவைத் தாங்குகின்றன. சில வேளை அறிவின் வறுமையை மூடுகின்றன. மூன்று நிமிடக் கட்டுப்பாடு அம்மூடியைத் திறந்துவிடுகின்றது. எது என் வினா, எது என் விடை, எதற்காக இது பிறர்க்கு வேண்டும் என்ற மூன்றனையும் பிரித்தறிய அது மாணவரைக் கட்டாயப்படுத்துகின்றது.

திருமறையும் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றது. எஸ்றாவின் காலத்தில் நியாயப்பிரமாணத்தை வாசித்தவர்கள் வாசிப்போடு நின்றுவிடவில்லை, மக்கள் உணரும்படி அதன் பொருளையும் விளக்கினர் (நெகே. 8:8). சபையில் அந்நிய பாஷையிற் பேசும் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் பிறர்க்குப் போதனையாகும் ஐந்து வார்த்தைகளையே பவுலடிகளார் விரும்பினார் (1 கொரி. 14:19). அவர் அந்நிய பாஷையை இழிவுபடுத்தவில்லை. தாம் அதிலே வல்லவர் என்பதையும் மறைக்கவில்லை. சபை நடுவே எது பக்திவிருத்தி உண்டாக்கும் என்பதே அவருடைய அளவுகோல். ஆய்வேட்டின் நடையும் ஒருவகையில் அந்நிய பாஷையே. அதற்குரிய இடம் உண்டு. ஆனால் அது சபைக்கு வரும்போது அர்த்தம் சொல்லுபவன் ஒருவன் வேண்டும்.

போட்டியின் நடுவர்க்குத் தரப்படும் குறிப்பில், பேசுபவர் தம் ஆய்வைப் பொதுப்படையாக்காமலும் அற்பமாக்காமலும் காத்துக்கொண்டாரா என்ற வினாவும் இடம்பெறுகின்றது என்பதை நாம் குறிப்பிட வேண்டும். ஆகவே இவ்வடிவத்தை அமைத்தவர்கள் அதன் இடரை அறியாதவர்கள் அல்லர். அறிந்தும் தடுக்க முடிந்ததா என்பதே ஆராயத்தக்கது.

3. நன்னூலார் தரும் அளவுகோல்

சுருக்கத்தை மதிப்பிடுவதற்கு நாம் வேற்றிடம் செல்லவேண்டுவதில்லை. பவணந்தி முனிவர் தம் நன்னூற் பாயிரத்தில், நூலுக்குரிய குற்றங்கள் பத்தினையும் அழகுகள் பத்தினையும் வகுத்துள்ளார். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். இரண்டும் சொற்குறைவே. எனினும் ஒன்று குற்றமாகவும் மற்றொன்று அழகாகவும் தலைமை பெற்றிருப்பது சிந்திக்கத்தக்கது. சொல்ல வேண்டிய பொருளில் ஒரு பகுதி விடுபடுமாறு கூறுவது குன்றக் கூறல். பொருள் குறையாது சொல் குறைவது சுருங்கச் சொல்லல். சுருக்கம் நன்றா தீதா என்று பொதுவாக வினவுவது பயனற்றது. எது குறைந்தது, சொல்லா பொருளா என்றே வினவ வேண்டும்.

இவ்வளவுகோலை ஏந்தி, பொதுவில் காணக்கிடைக்கும் மூன்று நிமிட உரைகளின் ஒளிப்பதிவுகளை நோக்குவோமாயின், அவற்றுட் பலவற்றில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் காண்போம். கேட்போரை ஒரு காட்சியைக் கற்பனை செய்யும்படி அழைத்தல் அல்லது ஒரு தனிமனிதரின் துயரத்தைக் கூறுதல் முதற்படி. ஆய்வுப் பொருளை அன்றாட வாழ்வின் ஒரு பொருளுக்கு ஒப்பிடுதல் இரண்டாம் படி. தம் கண்டுபிடிப்பு ஒரு நாள் உலகை மாற்றும் என்னும் நம்பிக்கையோடு முடித்தல் மூன்றாம் படி. இவ்வமைப்பில் விளங்கு உதாரணம் என்னும் அழகு உண்டு. ஆனால் உவமை வளர்ந்து வளர்ந்து பொருளின் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும்போது அது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகிவிடுகின்றது. உயிரணுவைப் பூட்டுக்கும் மருந்தைத் திறவுகோலுக்கும் ஒப்பிட்ட உரையைக் கேட்டு வெளியேறுவோரின் நினைவில் நிற்பது பூட்டும் திறவுகோலுமே. அவர் ஆய்ந்தறிந்தது எது என்பது நினைவில் நிற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. இவ்வமைப்பு எல்லா ஆய்வுகளுக்கும் ஒரே தன்மையாய்ப் பொருந்துவதன்று. நோய் தீர்க்கும் மருந்தை ஆய்பவர்க்குப் பயன் கூறுவது எளிது. யோபு ஆகமத்தின் எபிரெய மூலத்தில் பொருள் விளங்காத ஒரு சொல்லைப் பற்றி ஐந்தாண்டு ஆராய்ந்தவர் எந்தப் பயனைக் கூறுவார்? கூறியே தீரவேண்டுமெனின், தாம் காணாத பயனைக் கூற நேரும். பின்பு அடுத்து வரும் மாணவர், மூன்று நிமிடத்தில் சொல்லத்தக்க பொருளையே ஆய்வுக்குத் தெரிந்துகொள்ள முற்படுவார். வடிவம் பொருளை விளக்கும் நிலைமை மாறி, வடிவமே பொருளைத் தெரிவுசெய்யும் நிலைமை உண்டாகும். இதுவே இவ்வழக்கத்தில் நாம் அஞ்சும் முதல் இடர்.

4. பாயிரமும் லூக்காவின் முகவுரையும்

ஒரு பெரு நூலைக் கற்கப் புகுமுன் அதனைக் குறித்துச் சில சொற்களில் அறிவிக்கும் மரபு தமிழில் பண்டே உண்டு. அதற்குச் சிறப்புப் பாயிரம் என்று பெயர். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டும் அதன் உறுப்புகள். இவற்றை மூன்று நிமிட உரையோடு ஒப்பிட்டால், பின்னதில் நுதலிய பொருளும் பயனும் மிக்கிருப்பதும், வழியும் கேட்போரும் ஏறத்தாழ மறைந்துவிடுவதும் புலனாகும். வழி என்பது இந்நூல் எவர் நூலின் வழியே வந்தது என்னும் செய்தி. முன்னோர் கண்டது எது, அதற்குமேல் இவர் கண்டது எது என்று அறியாதவர்க்கு, யாவும் இவரே கண்டதுபோல் தோன்றும்.

சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே செய்துகொள்வது தகாதென்றும், அவருடைய ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ செய்தல் வேண்டும் என்றும் நன்னூலார் விதித்தார். தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது காரணம். ஆயினும் அவர் சில விலக்குகளை அளித்தார். தன் ஆற்றலை அறியாதவரிடையே பேசும்போதும், அவையில் வெல்லவேண்டிய போதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். மூன்று நிமிடப் போட்டி இவ்விரு விலக்குகளுக்கும் ஒருங்கே உட்படுவதாகும். ஆகவே நன்னூலாரும் அதனை முற்றிலும் தடைசெய்திருக்க மாட்டார். எனினும் விலக்காக அளிக்கப்பட்டது விதியாகிவிடலாகாது.

இக்குறைகள் இன்றி, குறுகிய அளவில், துறை அறியாதவர்க்கு ஓர் ஆய்வை அறிவிக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சான்று நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டிலேயே இருக்கின்றது. லூக்கா நற்செய்தியின் முதல் நான்கு வசனங்களை எடுத்துக்கொள்வோம். கிரேக்க மூலத்தில் அவை ஒரே வாக்கியம். தமக்கு முன் பலர் இம்முயற்சியில் ஈடுபட்டதை ஆசிரியர் முதலிற் கூறுகின்றார், இது வழி. ஆரம்பமுதல் கண்ணாரக் கண்டவர்களும் வசனத்தின் ஊழியரும் ஒப்புவித்தவற்றையே தாம் ஆதாரமாகக் கொண்டதைக் கூறுகின்றார், இது சான்று. யாவற்றையும் தொடக்கத்திலிருந்து நுட்பமாக விசாரித்து ஒழுங்காய் எழுதத் துணிந்ததைக் கூறுகின்றார், இது முறை. தெயோப்பிலுவை விளிக்கின்றார், இது கேட்போர். அவர் உபதேசிக்கப்பட்ட காரியங்களின் நிச்சயத்தை அறியவேண்டும் என்கின்றார், இது பயன்.

இம்முகவுரையில் இயேசுவின் பெயரே வரவில்லை என்பதை வாசகர் கவனிப்பாராக. முடிவை முன்னரே கூறிக் கேட்போரைக் கவர லூக்கா முயலவில்லை. உலகை மாற்றுவதாக வாக்களிக்கவும் இல்லை. ஒரு மனிதருக்கு நிச்சயம் அளிப்பதாகவே கூறினார். தாம் கண்கண்ட சாட்சி அல்லர் என்பது அவர் கூற்றிலேயே வெளிப்படுகின்றது. சான்றின் எல்லையைக் கூறுவது ஆய்வின் மதிப்பைக் குறைக்கும் என்று அவர் கருதவில்லை. இருபத்துநான்கு அதிகாரங்கள் கொண்ட நூலுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாயிற்று. ஏனெனில் அவ்வாக்கியம் நூலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல் நூலுக்குள் நுழையும் வாயிலாக நின்றது.

5. மறுப்பதற்கு ஆளில்லாத அவை

மூன்று நிமிட உரையின் பெருங்குறை சுருக்கத்தில் இல்லை; உரைக்குப்பின் நிலவும் மௌனத்திலேதான் உள்ளது. போட்டி விதிகளில் வினாவுக்கென்று ஒதுக்கப்பட்ட நேரம் இல்லை. மாணவர் பேசுகின்றார்; மணி ஒலிக்கின்றது; கைதட்டல் எழுகின்றது; அடுத்தவர் வருகின்றார். நடுவர் மதிப்பெண் இடுவர். அவையோர் வாக்களிப்பதும் உண்டு. ஆனால் எவரும் எழுந்து, நீர் சொன்னது உண்மையா, எப்படி அறிந்தீர் என்று கேட்பதற்கு வாய்ப்பில்லை.

தீசிஸ் என்னும் கிரேக்கச் சொல் முன்வைக்கப்படுவது என்று பொருள்படும். இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் அது பிறர் எதிர்த்து வாதிடும்படி முன்வைக்கப்பட்ட கூற்றைக் குறித்தது. 1517ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு தொடர்புடைய மார்ட்டின் லூத்தரின் 95 கூற்றுகள் அத்தகையனவே. அவை இலத்தீனில், கற்றோர் வாதிடும் பொருட்டு எழுதப்பட்டவை. பாவமன்னிப்புச் சீட்டை வாங்கிய ஏழைக் குடியானவன் அவற்றை வாசித்திருக்க இயலாது. ஆகவே 1518இல் லூத்தர் அதே பொருளை ஜெர்மன் மொழியில், 20 சிறு பத்திகளில், பாவமன்னிப்புச் சீட்டையும் கிருபையையும் குறித்த அருளுரை என்னும் தலைப்பில் எழுதினார். சில தாள்களில் அடங்கிய அச்சிறு நூல் குறுகிய காலத்தில் பன்முறை அச்சாயிற்று. ஓர் இறையியல் ஆய்வைப் பொதுமக்களுக்குச் சுருக்கி விளக்கிய முயற்சிகளுள் இதைவிடப் பெரும் விளைவு உண்டாக்கியவை மிகச் சிலவே.

ஈண்டு நாம் கருதவேண்டியது அடுத்து நடந்தது. சீட்டு விற்பனையை நடத்திய டெட்செல் அவ்விருபது பத்திகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஜெர்மன் மொழியிலேயே மறுத்தெழுதினார். லூத்தர் அதே ஆண்டில் அம்மறுப்புக்கு மறுமொழி எழுதினார். குடியானவனும் கைவினைஞனும் இரு பக்கத்தையும் தம் மொழியில் கேட்டனர். சுருக்கம் வாதத்தை முடித்துவிடவில்லை. கற்றோர் மன்றத்துக்குள் அடங்கியிருந்த வாதத்தை வீதிக்குக் கொண்டுவந்தது.

லூத்தரன் மரபு ஓங்கிய வடநாடுகளில் இதன் சாயல் இன்றும் காணப்படுகின்றது. சுவீடனில் ஆய்வேட்டை அதன் வாய்மொழித் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பொதுவிடத்தில் ஆணியடித்துத் தொங்கவிடும் வழக்கம் உண்டு. எவரும் எடுத்து வாசித்து எதிர்ப்பதற்கு ஆயத்தமாகலாம் என்பது அதன் கருத்து. பின்லாந்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடைபெறுகின்றது. மாணவர் முதலில் ஓர் அறிமுக உரை ஆற்றுகின்றார். அது 20 நிமிடத்துக்கு மேற்படலாகாது. துறை அறியாதவர்க்கும் விளங்கவேண்டும். அவருடைய பெற்றோரும் சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் அதனைக் கேட்கின்றனர். பின்பு எதிர்வாதியாக நியமிக்கப்பட்ட அறிஞர் ஏட்டை மணிக்கணக்கில் ஆராய்ந்து வினவுகின்றார். முடிவில் மாணவர் எழுந்து நின்று, தம் ஏட்டை மறுத்துச் சொல்ல விரும்புவோர் அவையில் எவரேனும் இருப்பின் தலைவரிடம் அனுமதி பெற்றுப் பேசலாம் என்று தாமே அழைக்கின்றார்.

இவ்வழைப்பே குயின்ஸ்லாந்து வடிவத்துக்கும் பின்லாந்து வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் பொதுமக்கள் சுவைஞர். பின்னதில் அவர்கள் சாட்சிகள், வேண்டுமாயின் எதிர்வாதிகள். கைதட்டுவதற்கு மூன்று நிமிடம் போதும். மறுப்பதற்குப் பொருளின் வழியும் சான்றும் தெரியவேண்டும். மறுப்பவர்க்கு இடமளிக்கும் உரை, தான் இல்லாமற் போனாலும் தன் பொருளைப் பிறர் கையில் ஒப்படைக்கின்றது.

6. நம் இறையியல் ஆய்வுகள்

இனி நம் நிலைமையை நோக்குவோம். 1818இல் நிறுவப்பட்டு 1827இல் டென்மார்க் அரசரின் பட்டயம் பெற்ற செராம்பூர் கல்லூரியின் பேரவை, நம் இறையியல் கல்லூரிகள் பலவற்றின் மாணவர்க்குப் பட்டமளித்து வருகின்றது. 1969இல் மதுரையில் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழிக் கல்விக்கு இடமளித்து வந்துள்ளது. ஆயினும் ஆராய்ச்சிப் பட்டத்துக்குரிய ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றின் பொருளோ பெரும்பாலும் நம் ஊர்ச் சபைகள், நம் மக்களின் பாடல்கள், பெண்களின் ஊழியம், ஒடுக்கப்பட்டோரின் விசுவாச அனுபவம் ஆகியவையே. எவரைக் குறித்து எழுதப்பட்டதோ அவர் வாசிக்க இயலாத மொழியில், அவர் நுழைய இயலாத நூலகத்தில் ஏடு இருக்கின்றது.

இது புதிய குறையன்று. சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழரிடம் கேட்டறிந்து தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் 1713இல் எழுதி முடித்தார். அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அப்போதும் ஜெர்மன் மொழியிலேயே. அவரும் கிருண்ட்லரும் அனுப்பிய வினாக்களுக்குத் தமிழர் எழுதிய விடைமடல்கள் ஹாலே நகரில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. விடை எழுதியவர்கள் தம் சொற்கள் என்னவாயின என்பதை அறிய வழியிருந்ததில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டையும் லூத்தரின் சிறு வினாவிடையையும் தந்தவர் அவரே என்பதை எண்ணும்போது இது மேலும் சிந்திக்கத்தக்கதாகின்றது. மக்களுக்குப் போதிக்க வேண்டியது மக்கள் மொழிக்கு வந்தது. மக்களிடமிருந்து கற்றது அவர்கள் மொழிக்குத் திரும்பவில்லை.

ஆகவே நம் மாணவரும் தம் ஆய்வைக் குறுகிய உரையாகத் தமிழில் கூறவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. எவ்வாறு என்பதே வினா. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்துச் சபைகளில் கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்துகிடப்பதை ஒரு மாணவர் ஆராய்ந்தார் எனக் கொள்வோம். போட்டி அமைப்பைப் பின்பற்றினால், தன் கணவனைப் புதைக்க இடம் மறுக்கப்பட்ட ஒரு கைம்பெண்ணின் கண்ணீரோடு அவர் தொடங்குவார்; சாதி என்னும் முள் இன்னும் சபையில் உள்ளது என்பார்; அது களையப்பட வேண்டும் என்று முடிப்பார். அவையினர் உருகுவர். ஆனால் அவர் கூறிய எதுவும் அவையினர் முன்னரே அறியாததன்று. அவருடைய ஐந்தாண்டு உழைப்பு அவ்வுரையில் எங்கும் இல்லை. அக்கைம்பெண்ணின் துயரம் மட்டும் அவர் அறியாத அவையில் மதிப்பெண்ணுக்குரியதாயிற்று.

அதே மாணவர் வேறுவிதமாகவும் பேசலாம். திருவிருந்துப் பந்தியிலும் இருக்கையிலும் பிரிவினை நீங்கிய சபைகளில்கூடக் கல்லறையில் அது நீங்காதது ஏன் என்பதே என் வினா என்று தொடங்கலாம். அடக்கப் பதிவேடுகளையும் நிலப் பத்திரங்களையும் பார்த்தேன். இருக்கையைச் சபைக் குழு தீர்மானிக்கின்றது, கல்லறை நிலமோ சில குடும்பங்களின் பெயரில் உள்ளது என்று கண்டேன். ஆகவே பிரசங்கத்தால் மட்டும் இது தீராது, பத்திரத்தால் தீரவேண்டும் என்பது என் முடிவு. இன்ன சபைகளின் ஏடுகள் எனக்குக் கிடைக்கவில்லை. அவற்றை அறிந்தவர் என் முடிவைத் திருத்தலாம் என்று கூறலாம். இதற்கும் மூன்று நிமிடமே ஆகும். இதில் கண்ணீர் குறைவு. ஆனால் கேட்டவர் வீட்டுக்குச் சென்று தம் ஊர்ப் பத்திரத்தைத் தேடுவார். முன்னது குன்றக் கூறல்; பின்னது சுருங்கச் சொல்லல்.

இவ்வாறு பேசுவதற்குரிய இடம் பரிசு மேடையன்று. ஆய்வு நடந்த சபையே. தகவல் தந்தவர்கள் முன் வரிசையில் அமர்ந்திருக்க, மாணவர் அவர்களுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். கிரேக்கருக்கும் மற்ற அந்நியருக்கும், ஞானிகளுக்கும் மூடருக்கும் தாம் கடனாளி என்று பவுலடிகளார் எழுதினார் (ரோமர் 1:14). ஆய்வாளரும் கடனாளியே. உரைக்கு மூன்று நிமிடம் எனின், வினாவுக்கு முப்பது நிமிடமாவது வேண்டும். நன்னூலாரின் விதியைப் பின்பற்றி, மாணவரின் ஆய்வை உடன் கற்ற ஒருவர் சுருங்க உரைக்க, வினாக்களுக்கு மாணவர் விடையளிக்கும் முறையையும் கல்லூரிகள் முயன்று பார்க்கலாம். உடன் கற்றவர்க்கே விளங்காத ஆய்வு சபைக்கு விளங்குவது எங்ஙனம்? மேலும் தற்புகழ்ச்சிக்கு அங்கு இடமிராது.

இம்முறைக்கு ஒரு தடை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ஆங்கில ஏட்டின் மறைவு சில மாணவர்க்குப் பாதுகாப்பாகவும் இருக்கின்றது. திருச்சபையின் நிலம், தேர்தல், பணம், சாதி ஆகியவற்றைக் குறித்து நானூறு பக்கம் ஆங்கிலத்தில் எழுதியவரை எவரும் வினவுவதில்லை. அதே செய்தியை மூன்று நிமிடம் தமிழில் கூறினால் மறுநாளே பலர் வினவுவர். ஆய்வை முடித்த மாணவர் அதே திருச்சபையிடமே பணி நியமனத்தை எதிர்நோக்கி நிற்கின்றார். ஆகவே மாணவரைப் பேசச் சொல்லும் கல்லூரி, பேசிய பின் அவர் அருகில் நிற்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அதற்கு மனமில்லாத கல்லூரி சுருக்க உரைக்கு விழா எடுப்பதைக் காட்டிலும் வாளாவிருப்பதே மேல். ஏனெனில் அவ்விழாவில் ஆபத்தில்லாத ஆய்வுகளே மேடை ஏறும். ஏனையவை நூலகத்திலேயே உறங்கும்.

7. முடிவுரை

மூன்று நிமிட வழக்கம் வறட்சிக் காலத்தில் பிறந்தது. நீர் குறைந்தபோது குளியலைக் குறைத்தனர். நீர் இல்லாமலே குளித்ததாகப் பாவனை செய்யவில்லை. அதுபோல் சொல்லைக் குறைக்கலாம். பொருளைக் குறைத்துவிட்டு ஆய்வைக் கூறியதாகப் பாவனை செய்தல் ஆகாது. குயின்ஸ்லாந்தார் தந்த கால அளவை நாம் நன்றியோடு ஏற்கலாம். அதனோடு நம் பாயிர மரபு கேட்கும் வழியையும், லூக்கா காட்டிய சான்றின் அடக்கத்தையும், லூத்தரன் மரபு காத்துவந்த மறுப்புரிமையையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். ஆராய்ச்சிக்குச் சபைகளின் காணிக்கையும் சபையாரின் பொறுமையும் துணைநின்றுள்ளன. அடுத்து நம் கல்லூரிகளில் ஓர் ஆய்வேடு ஏற்கப்படும்போது, அது நூலகத்தின் தட்டில் வைக்கப்படுமுன் அதன் ஆசிரியர் தாம் கேட்டறிந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, அங்குள்ளோர் முன் தமிழில் நின்று, தாம் கண்டதைச் சுருங்கக் கூறி, அவர்கள் கூறுவதைக் கேட்டுத் திரும்பவேண்டும். இதனை ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதி, பாடத்திட்டத்தில் சேர்ப்பது நம் கல்லூரிகளின் கடமையாகும்.